ஒன்பதாவது காலடி

என் கொள்ளுப்பேத்திக்கு வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், இடுப்பில் மஞ்சள் பெல்ட். வாரத்துக்கு மூன்று நாள் டேக்வாண்டோ வகுப்புக்குப் போகிறாள். கொரியா தேசத்து அடிமுறையாம். வீட்டுக்கு வந்ததும் ஹாலில் நின்று, காலை விரித்து, முட்டியை மடக்கி, காற்றை ஓங்கி ஒரு உதை விடுவாள். காற்று பாவம், திருப்பி ஒன்றும் செய்யாது. நான் கட்டிலில் உட்கார்ந்தபடி ஒன்றே ஒன்றுதான் சொல்வேன்.

"கண்ணு, மொதல்ல அந்த டீப்பாய நகத்தி வெச்சிட்டுப் பழகு."

"அது என்ன ஆயா பண்ணுது?"

"இப்ப ஒண்ணும் பண்ணாது. பின்னால பண்ணும்."

காரணம் இருக்கிறது. எழுத்து எனக்குத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, இவளுடைய அம்மா, என் பேத்தி, எழுதுகிறாள். நடுவில் நான் வேறெங்காவது போய்விட்டால் அவளே இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள்.

வெள்ளைக்காரன் பெரிய சண்டையில் மாட்டியிருந்த காலம் அது. மண்ணெண்ணெய் கிடைக்காது. கடத்தூர்ப் பக்கம் பிறந்த என்னை, காரிமங்கலம் சந்தைக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு ஊரில் கட்டிக் கொடுத்தார்கள். புகுந்த வீட்டில் புருஷன், மாமியார், இரண்டு உழவு மாடு, ஒரு எருமை. இவர்களில் எருமைதான் முதலில் என்னோடு நன்றாகப் பழகியது. மாமனார் அதற்கு முந்தின வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். போகும்போது அந்த வீட்டுக்கு ஒரு உரிமையை விட்டுவிட்டுப் போனார். அதுதான் வினை.

பங்குனியில் மாரியம்மன் பண்டிகை. அம்மனைத் தோளில் தூக்குவதற்கு முன்னால், எங்கள் வீட்டு ஆண்பிள்ளை ஒருவர் அம்மன் எதிரில் நின்று குத்துவரிசை காட்ட வேண்டும். வெறுங்கை, வெறுங்கால். பதினெட்டுக் காலடி. ஒரு காலடி தப்பாமல் காட்டினால் முதல் மரியாதை எங்கள் வீட்டுக்கு. தப்பினால் அந்த உரிமை எதிர்வீட்டுப் பங்காளிக்குப் போய்விடும். எதிர்வீட்டுப் பங்காளி என்றால் என் புருஷனுக்குப் பெரியப்பா முறை. அவருக்கும் ஒரு மகன் இருந்தான். அவனும் குத்துவரிசை பழகிக்கொண்டிருந்தான்.

முதல் மரியாதை என்றால் என்ன என்று கேட்பீர்கள். அரை மூடித் தேங்காய். அப்புறம் அம்மனுக்கு முன்னால் நடந்து போய் முன்னே பம்பை அடித்துப் போகிறவர்களின் காலடித் தூசியை முதல் ஆளாக மூக்கில் வாங்கிக்கொள்வது. இதற்காக என் மாமியார் உயிரையே கொடுப்பார். தன் உயிரை இல்லை, என் உயிரை.

"எம்மவன் தப்பு பண்ண மாட்டான். பண்ணினா, வூட்டுக்கு வந்தவ நேரந்தான்" என்று கல்யாணத்துக்கு மறுநாளே சொல்லிவிட்டார். ஆக, புருஷன் கால் தப்பினால் குற்றவாளி நான். நல்ல நியாயம்.

என் புருஷன் ஏர் பிடித்தால் கோடு போட்ட மாதிரி உழுவார். சேற்றில் இறங்கிய வண்டிச் சக்கரத்தைத் தனி ஆளாகத் தூக்குவார். ஆனால் கால் இரண்டும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளாது. வலது கால் போன இடம் இடது காலுக்குத் தெரியாது.

கோயிலுக்குப் பின்னால் புளியமரத்தடியில் சாயங்காலம் பழக்குவார்கள். தொப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாத்தியார் வந்து தங்கியிருந்தார். ஆள் மெலிசு, மீசை மட்டும் வேறு யாருக்கோ அளவெடுத்த மாதிரி பெரிசு. வீட்டுக்கு வீடு முறை வைத்து அவருக்குச் சோறு. எங்கள் வீட்டு முறை வரும்போதெல்லாம் கேழ்வரகுக் களிக்கு நெய் கேட்பார். களிக்கு யாராவது நெய் விடுவார்களா? நாங்கள் விட்டோம். தேங்காய் மூடி இருக்கிறதே.

எங்கள் மாட்டுக் கொட்டகையிலிருந்து வேலி இடுக்கில் பார்த்தால் அந்த இடம் தெரியும். நான் சாணி அள்ளுகிற சாக்கில் பார்ப்பேன். அந்த ஆறு மாசமும் எங்கள் கொட்டகை மாதிரி சுத்தமான கொட்டகை ஜில்லாவிலேயே இருந்திருக்காது.

முதல் பத்து நாள் வெறுமனே நிற்க வைத்தார். காலை அகட்டி, முட்டியை மடக்கி, குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி. இரண்டு முஷ்டியும் இடுப்பில். தொடை நடுங்கி ஆண்பிள்ளைகள் "ஐயோ அம்மா" என்பார்கள். நான் அதே மாதிரி குனிந்து காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை களை எடுத்திருக்கிறேன். எனக்கு யாரும் வித்தை என்று பெயர் வைக்கவில்லை. அப்புறம் முன்கையால் தடுப்பது, முஷ்டியைத் திருப்பிக் குத்துவது, முட்டியைத் தூக்கி அப்புறம் காலை நீட்டி உதைப்பது. இதெல்லாம் தனித்தனியாக என் புருஷனுக்கு வந்தது. கோர்வையாகச் செய் என்றால் எட்டுக் காலடி சரியாகப் போவார். ஒன்பதாவதில் நட்டுவைத்த கல் மாதிரி நின்றுவிடுவார். எந்தக் காலை எடுப்பது என்று கீழே குனிந்து பார்ப்பார், கால் ஏதோ சொல்லப்போகிற மாதிரி.

"நேரா வலது கால எடுத்து வெச்சிக் குத்துடா! அது என்ன கெணறா, எட்டிப் பாக்கறே?" என்று வாத்தியார் கத்துவார்.

எதிர்வீட்டுப் பெரியப்பா புளியமரத்து வேரில் உட்கார்ந்து வெற்றிலை மென்றபடி, "விடுங்க வாத்தியாரே, கொழந்த பயப்படுது" என்பார். அவர் மகன் சிரிப்பான்.

பண்டிகைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது வாத்தியார் இன்னொரு ஊர்ப் பண்டிகைக்குப் போய்விட்டார். அன்று காலையில் என் புருஷன் மெதுவாக என்னிடம் வந்தார்.

"ஏ புள்ள, நான் வூட்டுலயே பழகறேன். வெளிய யாருக்கும் தெரிய வேணாம்."

"பழகுங்க. நான் எண்ணறேன்."

"ஒனக்கு எண்ணத் தெரியுமா?"

"மாடு மேச்சவளுக்கு எண்ணத் தெரியாமயா? எங்க வூட்டு ஆடு மட்டும் அறுவத்திரெண்டு."

வாசல் சின்னது. நட்டநடுவில் உரல், பாதி மண்ணில் புதைத்தது. அதை எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும் என்று கடப்பாரையைக் கொண்டு வந்தார். மாமியார் குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

"எங்க மாமியா பொதச்ச ஒரலு. நகத்தினா வூட்டுக்கு ஆவாது. சுத்திப் போடா!"

சுற்றிப் போனார். எட்டாவது காலடியில் சரியாக உரலுக்கு எதிரே வந்து நிற்பார். அங்கே நான் சாமை குத்திக்கொண்டிருப்பேன். நிறுத்த முடியுமா? மதியத்துக்குச் சோறு வேண்டாமா? உலக்கை மேலே போகும்போது முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, வலது காலை எடுத்து உரலை அரை வட்டம் சுற்றி, அந்தப் பக்கம் போய் நின்று குத்துவார். முதல் நாள் உலக்கை முழங்கையில் பட்டுவிட்டது. அப்புறம் முழங்கை தானாக ஒடுங்கிக்கொண்டது.

அதிசயம் என்னவென்றால், அன்றிலிருந்து ஒன்பதாவது காலடி மறக்கவே இல்லை. எந்தக் கால் என்று உரலே சொல்லிக் கொடுத்துவிட்டது. என் உலக்கைச் சத்தத்துக்குப் பதினெட்டும் மழை மாதிரி வந்தது. எங்களுக்கு ஒரே சந்தோஷம். மாமியார்கூட ஒரு நாள் எனக்கு வெல்லம் கொடுத்தார். மூன்று பேர் இருக்கிற வீட்டில், கோயில் முன்னால் உரல் இருக்காதே என்று ஒருத்தருக்காவது தோன்ற வேண்டுமே! தோன்றவில்லை. வாத்தியார் திரும்பி வந்ததே பண்டிகை அன்று காலையில்தான்.

உச்சி வெயில். பம்பைச் சத்தம். அம்மன் எதிரில் ஆண்கள் வட்டமாக நின்றார்கள். பெரியப்பா முதல் வரிசையில் உட்கார்ந்து, எண்ணுவதற்குத் தயாராக விரல்களை மடக்கி வைத்துக்கொண்டார். நாங்கள் பெண்கள் வேப்பமரத்துப் பக்கம். என் புருஷன் இறங்கி அம்மனைக் கும்பிட்டார். ஒன்று, இரண்டு, மூன்று... குத்து கும்மென்று விழுந்தது. எட்டாவதில் நின்றார். அப்போதுதான் எனக்கு உரல் ஞாபகம் வந்தது. எதிரில் பொட்டல்.

முழங்கையை விலாவோடு ஒட்டினார். வலது காலை எடுத்தார். ஒன்றுமில்லாத இடத்தை அரை வட்டமாக, பத்திரமாக, பக்தியோடு சுற்றிப் போய் அந்தப் பக்கம் நின்று குத்தினார். அப்புறம் பதினெட்டு வரைக்கும் ஒரு குறை இல்லை. நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். பக்கத்தில் மாமியார், "எவ்ளோ அழகா சுத்தறான் பாத்தியா!" என்றார்.

பெரியப்பா எழுந்துவிட்டார். "நிறுத்துங்கடா பம்பைய! தப்பு! ஒம்பதாவது தப்பு! நேரா போவ வேண்டிய எடத்துல எதையோ சுத்திட்டுப் போறான்!"

"நான் எங்க பெரியப்பா சுத்தினேன்? நேராத்தான போனேன்?" என்றார் என் புருஷன். பொய் இல்லை. அவர் மனசறிய நேராகத்தான் போனார்.

ஊரே வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தது. அவர் நிலைமையை நினைத்துப் பாருங்கள். தப்பு என்றால், ஆறு மாசம் நெய்விட்டுக் களி தின்றுவிட்டு என்ன சொல்லிக் கொடுத்தாய் என்று ஊர் கேட்கும். மீசையை இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் நீவினார்.

"தப்புன்னு யார் சொன்னது? அது மறைப்புக் காலடி. எங்க குரு எனக்கு மட்டும் காட்டினது. எல்லாருக்கும் காட்டறதில்ல."

"அப்ப எம்மவனுக்கு என்னாத்துக்குக் காட்டல?"

"அவனுக்கு இடுப்பு இன்னும் வளையலீங்க. வளையட்டும், காட்டறேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பம்பை அடித்தது. அம்மன் எழுந்தாள். அரை மூடித் தேங்காய் எங்கள் வீட்டுக்கு வந்தது. மாமியார் அதைச் சமைக்க விடவில்லை. மாடத்தில் வைத்துப் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காட்டினார். பத்து நாளில் அது தானாகவே எண்ணெய் விட்டது.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் டீப்பாயைப் பற்றிக் கவலைப்படுவேனா? பண்டிகை முடிந்து நாலு நாள் இருக்கும். புருஷன் கொல்லைமேட்டில் ஏர் ஓட்டப் போயிருந்தார், மாமியார் சந்தைக்கு. வாத்தியார் வாசலில் வந்து நின்றார்.

"தாயி, கொஞ்சம் மோரு குடு."

குடித்தார். இன்னும் கொஞ்சம் கேட்டார். மூன்றாவது சொம்பும் உள்ளே போனது. மோருக்கு வந்த ஆள் இல்லை என்று தெரிந்துவிட்டது. உலக்கையை நிறுத்தினேன்.

"என்னங்க வாத்தியாரே?"

"அந்த ஒம்பதாவது காலடி... எதிர்வூட்டுப் பையன் இப்பவே காட்டுன்னு நிக்கறான். அவங்க அப்பன் தெனம் நெய் குடுத்தனுப்பறான்."

"காட்டுங்களேன். ஒங்க குரு ஒங்களுக்கு மட்டும் காட்டினதாச்சே."

மீசை தொங்கிப்போய்விட்டது. "ஒம் புருசன்கிட்டக் கேட்டேன் தாயி. நேராத்தான் போனேங்கறான். எப்பிடிப் போனன்னு பாத்துச் செய்யிடான்னா, இப்ப காலக் குனிஞ்சி பாத்துட்டு நட்ட கல்லாட்டம் நிக்கறான். வூட்டுல பழகுனானாமே, நீதான் எண்ணுனியாமே."

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொங்கியது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. "பொம்பளைக்கு இந்த வித்தையச் சொல்லித் தரக் கூடாதும்பாங்க. பொம்பளகிட்டக் கத்துக்கலாங்களா?"

அவர் சொம்புக்குள்ளே பார்த்தார். மோர் தீர்ந்திருந்தது.

"ஒண்ணு செய்யலாம்" என்றேன். "கொட்டாயிலேருந்து பாத்தா கடசி ரெண்டு காலடி புளியமரம் மறைச்சிக்குது. வூட்டுல அவரு பழகறப்ப அந்த ரெண்டும் எம் முதுகுக்குப் பின்னால போயிடுது. பதினாறு வரைக்குந்தான் எனக்குத் தெரியும். அந்த ரெண்டக் காட்டுங்க. ஒம்பதாவத நான் காட்டறேன்."

அவர் சொம்பைக் கீழே வைத்தார். தெருவை எட்டிப் பார்த்துவிட்டு, வாசற்படலைச் சாத்தினார். வேட்டியை மடித்துக் கட்டி, பதினேழும் பதினெட்டும் காட்டினார். நான் சேலையைச் செருகிக்கொண்டு செய்தேன். முதல் தடவையே கால் தரையில் சரியாக உட்கார்ந்தது. அந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அரை மூடி என்ன, ஒரு தோப்பே ஈடாகாது. அப்புறம் உலக்கையை எடுத்து உரலில் போட்டேன்.

"இப்ப எட்டாவதுல வந்து நில்லுங்க. உரலச் சுத்துங்க. கைய ஒட்டுங்க, ஒட்டுங்க!"

"கைய எதுக்கு ஒட்டணும்?"

"ஒலக்கைக்கு."

நின்றார். உரலைப் பார்த்தார். உலக்கையைப் பார்த்தார். என் புருஷனுடைய மறைப்புக் காலடி முழுசும் அவருக்கு அப்போதுதான் விளங்கியது. சிரிப்பார் என்று நினைத்தேன். இல்லை. ரொம்ப கம்பீரமாகத் தலையை ஆட்டினார்.

"சரி. ஆயுதத்துக்கு மறைப்புன்னு சொல்லிக்கறேன்."

பத்துத் தரம் உரலைச் சுற்றிவிட்டுப் போனார். படலைத் திறக்கும்போது, "கால் நல்லா பதியுது தாயி ஒனக்கு" என்றார். இதைப் பேத்தி பெரிய எழுத்தில் எழுத வேண்டும்.

அடுத்த பங்குனிக்குள் புளியமரத்தடியில் பதினைந்து பையன்கள் வரிசையாக நின்று பழகினார்கள். எட்டுக் காலடி வந்ததும் பதினைந்து பேரும் முழங்கையை ஒட்டிக்கொண்டு, இல்லாத பதினைந்து உரலைச் சுற்றிப் போவார்கள். பெரியப்பா மகன்தான் அதில் கெட்டிக்காரன். இடுப்பு நன்றாக வளைந்துவிட்டது. பெரியப்பா வேரில் உட்கார்ந்து, "மறைப்பு... மறைப்பு" என்று தாளம் போடுவார்.

என் புருஷன் காலையில் வீட்டில் பழகுவதோடு சரி. அந்தப் பக்கம் போவதில்லை. ஒரு நாள் நான் சாணி அள்ளும்போது பக்கத்தில் வந்து நின்று, வேலி இடுக்கில் ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏ புள்ள, இவனுங்க என்னாத்துக்குச் சுத்திச் சுத்திப் போறானுங்க? நேரா போவத் தெரியாதா?"

"தெரியாதுங்க" என்றேன்.