மக்டலீனின் முட்டையும் லியோனின் ஓட்டமும்

குருநகர் பேதுருவுக்கும் லூர்த்தம்மாவுக்கும் ஒரே பிரசவத்தில் பிறந்த இரண்டில் மூத்தது மக்டலீன். மூப்பு என்றால் பத்தே நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தை வைத்துக்கொண்டு தம்பி லியோனை அவள் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. பன்னிரண்டு வயதில் அவனைவிட நாலு விரல் உயரம் வேறு. உயிர்த்த ஞாயிற்றுக்கு மறுநாள் வாசிகசாலைக்காரர் விளையாட்டுப் போட்டி வைப்பார்கள். ஒரே வயதுப் பிள்ளைகளைப் பெடியன், பெட்டை பாராமல் ஒன்றாய் ஓடவிடுவார்கள். எண்பத்திமூன்றில் இருநூறு மீற்றரில் அவள்தான் முதலாவது.

அடுத்த வருடம் போட்டிக்கு ஒரு கிழமைக்கு முன் பெரியபிள்ளையானாள். முப்பத்தொரு நாள் வீட்டுக்குள்ளே இருப்பு. காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், மத்தியானம் உளுத்தங்களி. எண்ணெயைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிடுவாள். முட்டை மட்டும் தொண்டையில் இறங்காது. ஜன்னலால் நீட்டினால் வாங்கிக் குடிக்க லியோன் இருந்தான். ஒரு நாளும் தவறாமல் வந்தான், மகராசன்.

எண்பத்தைந்தில் பார்த்தால், பழைய லியோனைக் காணவில்லை. தோள் அகன்று, கால் நீண்டு, குரல் உடைந்து வேறொருவன் நின்றான். “குமர்ப்பிள்ளை சனத்துக்கு முன்னாலை ஓடுறதோ?” என்று மறித்த தாயோடு இரண்டு நாள் பட்டினி கிடந்து சண்டை பிடித்துத்தான் மக்டலீன் அந்த வருடம் ஓடப்போனாள். லியோன் முதலாவது. அவள் ஐந்தாவது. முன்னால் போன நாலு பேரும் பெடியன்கள்.

“என்ரை ஓட்டத்தை நீ திண்டிட்டாய்,” என்றாள் தம்பியிடம்.

“ஓம், நல்ல ருசி,” என்றான் அவன்.

அவன் பகிடிக்குச் சொன்னான். அவள் உண்மையாகவே நம்பினாள். தன் பலமெல்லாம் ஜன்னலால் போய்விட்டதென்று ஒரு வருடம் உள்ளுக்குள் வெந்தாள். இனி ஓடுவதில்லை என்று முடிவெடுத்து, மறுவருடம் வாசிகசாலைச் செயலாளர் பிலிப்புவிடம் போனாள்.

“பிலிப்பு அண்ணை, என்ரை பேரை வெட்டுங்கோ.”

“நீயே வெட்டு, பிள்ளை,” என்று அவர் கொப்பியைத் தள்ளிவிட்டார். ஓடினவர்களின் நேரமெல்லாம் அதில் வருடவாரியாக இருந்தது.

பேனையோடு குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முதலாவதாக வந்த வருடம் அவளுடைய நேரம் முப்பத்தொன்றரைச் செக்கன். ஐந்தாவதாக வந்த வருடம் இருபத்தொன்பதரை. தோற்ற அன்றுதான் அவள் வேகமாக ஓடியிருக்கிறாள்! லியோன் முப்பத்திரண்டிலிருந்து இருபத்தேழுக்கு இறங்கியிருந்தான். அவனை விடுங்கள், மற்ற மூன்று பெடியன்களும் நாலு, ஐந்து செக்கன் இறங்கியிருந்தார்கள். இவர்களுக்கெல்லாம் எந்த ஜன்னலால் முட்டை போனது? பழைய பக்கங்களைப் புரட்டினாள். எல்லா வருடமும் இதே கதைதான். பன்னிரண்டு வயதுவரை பெட்டைகள் முன்னுக்கு, பிறகு பெடியன்கள் பாய்ச்சல். பதின்மூன்றுக்குப் பிறகு பெட்டைகளின் பெயரே இல்லை.

“பெட்டையள் உங்களுக்கு முந்தியே வளர்த்தி வந்திடும். பெடியளுக்குப் பிந்தித்தான், ஆனா பலமா வரும்,” என்றார் பிலிப்பு.

“உது தெரிஞ்சுகொண்டோ எங்களை அவங்களோடை ஓடவிட்டனீங்கள்?”

நல்ல மனிதர், தலையைச் சொறிந்தார். “தனிய வைக்க ஆர் இருக்கினம்? பெரியபிள்ளையான ஆறு பேரைக் கொண்டு வா, வைக்கிறன்.”

குருநகரில் அவள் ஏறாத படி இல்லை. ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டில் “கொம்மாவுக்குத் தெரியுமோ?” என்றார்கள். அவள் அசரவில்லை. பதினைந்து வயதில் அந்த நெஞ்சுரம் எங்கிருந்து வந்ததோ, எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். றோஸ், மரியநாயகி, இன்னும் மூன்று பேர் ஓம் என்றார்கள். அவளோடு ஆறு.

போட்டியன்று மரியநாயகியைத் தகப்பன் வெளியே விடவில்லை. ஐந்து பேர்தான் கோட்டில் நின்றார்கள். பிலிப்பு கொப்பியை மூடினார். “சொன்னால் சொன்னதுதான், பிள்ளை.” ஊரையே எதிர்த்து நின்றவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

மகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகத்தான் லூர்த்தம்மா மைதானத்துக்கு வந்திருந்தாள். சந்தையிலிருந்து நேரே வந்தவள், மீன் கடகம் இடுப்பில். மகள் அழுவதைப் பார்த்தாள். ஏனென்று றோசிடம் கேட்டாள். கடகத்தை இறக்கி வைத்துச் சேலைத் தலைப்பை வரிந்து செருகிக்கொண்டு கோட்டில் போய் நின்றாள்.

“ஆறு எண்டனீராம். எண்ணும்.”

“லூர்த்தக்கா, நீங்கள்...”

“நான் பெரியபிள்ளையாகேல்லையோ?”

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பிலிப்பு விசிலை ஊதினார். மக்டலீன் இருபத்தெட்டரைச் செக்கனில் முதலாவதாக வந்தாள். வந்தவள் நிற்காமல் திரும்பித் தாயைப் பார்த்தாள். மற்றவர்கள் எல்லாரும் முடித்த பிறகும் லூர்த்தம்மா ஓடிக்கொண்டிருந்தாள். முகம் சிவந்து, கொண்டை அவிழ்ந்து, கோட்டைத் தாண்டினாள். மூச்சு ஆறுவதற்கு முன்பே பிலிப்புவிடம்தான் போனாள்.

“என்ரை நேரத்தையும் எழுதும்.”