கனடாக் கலண்டரில் அட்டமி

எங்கள் ஸ்காபரோ அப்பார்ட்மெண்டின் குசினிச் சுவரில் கோயில் கலண்டர் ஒன்று தொங்கியது. அதைப் பார்க்காமல் அம்மா பல்கூட விளக்கமாட்டார். எனக்கு அதில் சரியான எரிச்சல். ஆனால் தங்கச்சியின் பயணம் என்று வந்தபோது நானும் வாயை மூடிக்கொண்டேன்.

தங்கச்சி வன்னியில் இருந்தாள். கனடாவுக்கு வருவதென்றால் முதலில் வவுனியாவுக்கு வரவேண்டும். நடுவில் சூனியப் பிரதேசம். ஒரு பக்கம் ஆமி, மறுபக்கம் இயக்கம், இடையில் இருவரும் ஆயுதத்தோடு வருவதில்லை என்று ஒத்துக்கொண்ட வெறும் ரோடு. சனம் சைக்கிளை உருட்டிக்கொண்டு அதைக் கடக்கும். பக்கத்து வீட்டு அன்ரியோடு வெள்ளிக்கிழமை கடக்கப்போவதாகத் தங்கச்சி சொல்லியனுப்பியிருந்தாள்.

அம்மா கலண்டரைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார்.

“வெள்ளி அட்டமியடா. அட்டமியிலை ஆரும் வெளிக்கிடுவினமே? சனிக்கிழமை வெளிக்கிடச் சொல்லு.”

வவுனியாவில் தெரிந்த கடைக்காரருக்குப் போன் எடுத்து, வெள்ளி அட்டமியாம், சனிக்கிழமை வெளிக்கிடட்டாம் என்று சொன்னேன். வன்னிக்குப் போகும் ஓர் ஆளிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

சனிக்கிழமை காலை, ஊர்ச் செய்தியைப் பதிவுசெய்து வைக்கும் தொலைபேசி இலக்கத்தை அழைத்தேன். இரவோடிரவாக இயக்கம் சூனியப் பிரதேசத்துக்குள் இறங்கிவிட்டது, அதைத் திரும்பப் பிடிக்க ஆமி விடியவே ஷெல் அடித்துக்கொண்டு முன்னேறுகிறது, ரோட்டில் நின்ற சனத்தின் கதி தெரியவில்லை என்றது குரல். மறுபடி அழைத்தேன். அதே குரல், அதே வார்த்தைகள்.

அப்போதுதான் கலண்டரின் அடியில் பொடி எழுத்து கண்ணில் பட்டது. நேரங்கள் ரொறன்ரோவுக்குக் கணிக்கப்பட்டவை. ஊர் நேரம் எங்களுக்கு ஏறக்குறையப் பத்து மணித்தியாலம் முன்னுக்கு. விரல் மடித்துக் கணக்குப் பார்த்தேன். இங்கே வெள்ளி முழுக்க இருந்த அட்டமி, அங்கே வெள்ளி பகலில் தொடங்கி, சனிக்கிழமை விடியும்போதும் இருந்திருக்கிறது. அங்கே வெள்ளி காலையில் ஒரு குறையும் இல்லை. நாங்களே அவளைப் பிடித்து நெருப்புக்குள் தள்ளிவிட்டோமோ? அம்மாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. அவர் சாப்பிடாமல், வீடு கூட்டாமல் போனுக்குப் பக்கத்திலேயே இருந்தார். யாராவது அழைத்தால், “லைனை விடுங்கோ” என்று படாரென வைத்துவிடுவார்.

அடுத்த கிழமை ஒரு காலையில் போன் அடித்தது. அம்மா எடுத்தார். நான் அறைக்குள் இருந்த மற்றப் போனைத் தூக்கினேன்.

“அம்மா, நான் வெள்ளிக்கிழமையே வந்திட்டன். வவுனியாவிலை ஆமி முகாமிலை வைச்சிருந்தவங்கள், போன் எடுக்க வழியில்லை. உங்கடையது கனடாக் கலண்டரெல்லே? இஞ்சத்தைய கலண்டரிலை வெள்ளி நல்ல நாள்.”

அம்மா முருகா முருகா என்று அழுதார். நானும் அழுதேன். பிறகு அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“அன்ரியும் பக்கத்திலை நிக்கிறாவோ?”



“அவ வரேல்லை அம்மா. கனடாவிலையிருந்து நீங்கள் சொல்லிவிட்டதெண்டு, சனிக்கிழமை வெளிக்கிட நிண்டவ.”

அம்மா ரிசீவரை வைத்தார். அந்தச் செய்தி இலக்கத்தை அவர் ஒருநாளும் தானாக அழைத்ததில்லை. அன்று என்னிடம் கேட்டு எழுதி வாங்கி, அழைத்துக்கொண்டே இருந்தார்.