மகள் பாடினாள், எனக்கு விளங்கவில்லை: லண்டனில் ஒரு கன்ட்ரி மியூசிக் ஞாயிறு

இந்த மார்ச் மாதம் ஐந்து நாள் லண்டன் போய்வந்தேன். நான் இருப்பது ஜெர்மனியில், டோட்மண்ட் நகரத்தில். லண்டனுக்கு முன்பும் ஏழெட்டுத் தரம் போயிருக்கிறேன். எல்லாம் கலியாண வீடு, செத்த வீடு. சொந்தக்காரரின் காரில் ஏறி, மண்டபத்தில் இறங்கி, சாப்பிட்டுவிட்டுத் திரும்ப ஏறுவதுதான். தனியாக பஸ், ரயில் என்று அலைந்தது இதுதான் முதல்தடவை. கூப்பிட்டவள் என் மகள் அபி. ஸ்ட்ரெதமில் ஒரு அறை எடுத்துத் தங்கி, பிசியோதெரபிஸ்ட் வேலை செய்கிறாள். "அப்பா, இங்க மாசத்தில ஒரு ஞாயிறு பின்னேரம் கன்ட்ரி மியூசிக் நடக்குது. வாறீங்களோ?" என்று போனில் கேட்டாள். மனைவிக்கு ஷிப்ட். நான் யோசிக்காமல் ஓம் என்றேன்.

யாழ்ப்பாணத்து ஆளுக்கும் கன்ட்ரி மியூசிக்குக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நான் ஜெர்மனியில் மரக்கறி மொத்த வியாபாரி ஒருவருக்கு லொறி ஓடியவன். எனக்கு முன் அந்த லொறியை ஓடியவர் தன் கசெற்றுகளை விட்டுவிட்டுப் போயிருந்தார். கிட்டாரும் வயலினுமாக அமெரிக்கக்காரர் மூக்கால் பாடுகிற பாட்டுகள். முதல் வாரம் சகிக்கவில்லை. இரண்டாம் மாதம் அது இல்லாமல் வண்டி ஓடவில்லை. அபி சின்னப்பிள்ளையாக இருந்தபோது தாய்க்குச் சனிக்கிழமைகளில் வேலை. அதனால் பிள்ளை என்னோடு லொறியில் வருவாள். இருவரும் சத்தமாகப் பாடுவோம். எனக்கு ஆங்கிலம் அரைகுறை, அவளுக்கு அப்போது அதுவும் இல்லை. வாயில் வந்த சத்தத்தைப் பாட்டாக்கினோம். மனைவி அதற்கு வைத்த பெயர் 'மாட்டுக்காரன் பாட்டு'.

இனிப் பயணம். ஜெர்மன் கடவுச்சீட்டு இருந்தாலும் இப்போது இங்கிலாந்துக்கு முன்கூட்டியே இணையத்தில் அனுமதி எடுக்க வேண்டும். அடையாள அட்டை மட்டும் கொண்டுபோனால் விடமாட்டார்கள். ஹீத்ரோவில் இறங்கி பிக்கடிலி பாதையில் ஏர்ல்ஸ் கோர்ட் வரை வந்து, அங்கே டிஸ்ட்ரிக்ட் பாதைக்கு மாறினால் விம்பிள்டன். எல்லாம் சேர்த்து ஒன்றே கால் மணித்தியாலம். அங்கிருந்து 57ஆம் இலக்க பஸ் ஸ்ட்ரெதமுக்குப் போகும். பஸ்ஸில் காசு வாங்கமாட்டார்கள். நான் ஹீத்ரோவில் வங்கி அட்டையைத் தட்டி உள்ளே போய், விம்பிள்டனில் கைபேசியைத் தட்டி வெளியே வந்தேன். இரண்டும் ஒரே கணக்குத்தானே என்பது என் எண்ணம். அந்த இயந்திரம் என்னை இரண்டு ஆளாக எடுத்துக்கொண்டது. இரண்டு ஆளுக்கும் உச்சக் கட்டணம் வெட்டியது. உள்ளே போனவன் வெளியே வரவில்லை, வெளியே வந்தவன் உள்ளே போகவில்லை. எதனால் தட்டிப் போகிறீர்களோ அதனாலேயே தட்டி வாருங்கள்.

ஞாயிறு காலை அபியின் அறை வாசலில் ஒரு நீளமான கறுப்புப் பெட்டி நின்றது. கிட்டார்ப் பெட்டி.

"ஆற்றை இது?"

"சிநேகிதியின்ர. அங்க வருவா, குடுக்கோணும்."

நான் தூக்கிக்கொண்டேன். முதலில் விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போவோம் என்றாள். அவள் தானாகக் கோயிலுக்குப் போவோம் என்று சொன்னது எனக்கு நினைவு தெரிய இல்லை. செருப்புகளுக்குப் பக்கத்தில் கிட்டாரைச் சாய்த்துவிட்டு உள்ளே போனோம். ஐயர் திருநீறு தந்தபோது அவள் கண்ணை மூடி நின்றவள் திறக்கவேயில்லை. பிள்ளைக்கு ஏதோ பிரச்சினை என்று நினைத்தேன். வேலை போய்விட்டதா? யாரையாவது விரும்புகிறாளா? வெளியே வந்து கேட்டால், "ஒண்டுமில்லை அப்பா" என்றாள்.

பிறகு ட்ராம். விம்பிள்டன் நிலைய வாசலில் ஒருதரம் தட்டி, ட்ராம் நிற்கும் மேடையில் இன்னொருதரம் தட்ட வேண்டும். இறங்கும்போது தட்டத் தேவையில்லை. ஏன் என்று கேட்காதீர்கள், அபி மூன்று தரம் விளக்கினாள். பத்து நிமிடத்தில் ஒலிபெருக்கி 'மிச்சம்' என்றது. நான் திடுக்கிட்டு இருக்கையின் கீழே பார்த்தேன். எதை மிச்சம் விட்டோம்? அபி சிரித்தாள். அந்த ஊரின் பெயரே அதுதானாம். வீட்டில் இருந்து புறப்பட்ட பிறகு அவள் சிரித்தது அந்த ஒருதரம்தான்.

பாட்டு நடக்கும் இடம் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைதூரத்தில் உள்ள ஒரு பழைய பப். பின்பக்க அறையில் ஐம்பது கதிரை, சின்ன மேடை. மூன்று மணிக்குத் தொடங்கும், நுழைவு இலவசம். விரும்பியவர் பெயர் கொடுத்து இரண்டு பாட்டுப் பாடலாம். நான் தோடம்பழச் சாறு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்துக் கதிரையில் மண்ணிறத் தொப்பி போட்ட ஒரு கறுப்பினப் பெரியவர். பெயர் வின்ஸ்டன், ஜமைக்காவில் பிறந்தவர், லண்டனில் பஸ் ஓடி ஓய்வுபெற்றவர்.

"எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வீடு இந்தப் பாட்டுத்தான்" என்றார்.

"ஜமைக்காவிலா?"

"பின்னே? நீ எந்த ஊர்?"

"ஸ்ரீலங்கா. ஜெர்மனி."

"அங்கேயும் இதுவா?" என்று அவர் என்னைப் போலவே வியந்தார். இருவரும் லொறி, பஸ், இடுப்பு நோ என்று கதைத்தோம். மேடையில் முதலில் பாடிய இரண்டு பேரின் பாட்டுகளும் எனக்குத் தெரிந்தவைதான். நானும் முணுமுணுத்தேன். வின்ஸ்டன் என் வாயையே பார்த்தார். அவர் காதில் விழுந்தது எந்த மொழியோ.

பிறகு அறிவிப்பாளர் "அபி" என்றார். நான் சிநேகிதியின் பெயரும் அபிதானாக்கும் என்று திரும்பி வாசலைப் பார்த்தேன். என் பிள்ளை எழும்பி, நான் தூக்கிவந்த பெட்டியைத் திறந்து, கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடைக்குப் போனாள். அவளுக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. ஒலிவாங்கியில் ஏதோ சொன்னாள். அறை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. நான் எதற்கும் இருக்கட்டும் என்று கையைத் தூக்கிக் காட்டினேன்.

அவள் பாடினாள். நல்ல குரல். தாளம் பிசகவில்லை. ஆனால் சொல்? அவள் லண்டன் ஆங்கிலத்தில், அந்த மூக்குக் குரலில் பாடினால் எனக்கு எப்படிப் பிடிபடும்? 'அப்பா' என்பது விளங்கியது. 'மழை' விளங்கியது. 'இருக்கை', 'கண்ணை மூடி', 'கேட்கவில்லை' என்று அங்குமிங்கும் ஒவ்வொன்று. 'என் பிழை' என்று ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. யாருடைய பிழை? அவள் பாடிக்கொண்டே என்னைப் பார்த்தாள், நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்குத் தெரியாது.

பாட்டு முடிந்தது. பிறகு பெரிய கைதட்டு. முன்வரிசையில் இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா எழும்பி வந்து, என் கையைப் பிடித்து, கண் கலங்க "ஸொறி" என்றார். மறுபக்கம் வின்ஸ்டன் தோளில் தட்டி, "நீ கொடுத்துவைத்த ஆள்" என்றார். ஒருவர் எனக்காகத் துக்கப்படுகிறார், மற்றவர் வாழ்த்துகிறார். என் பிள்ளை என்னைப் புகழ்ந்தாளா, ஐம்பது பேர் முன்னால் என்மேல் வழக்குப் போட்டாளா? வின்ஸ்டனிடம் கேட்க வாய் வந்தது. சொந்த மகளின் பாட்டை அந்நிய ஆளிடம் கேட்பது எப்படி என்று விட்டுவிட்டேன்.

அவள் இறங்கி வந்தாள். "எப்படி அப்பா?"

"நல்லாயிருந்தது" என்றேன்.

முகம் வாடிவிட்டது. நல்லது என்று சொன்னாலும் பிழையா? மிச்சப் பாட்டுகளை நான் கேட்கவில்லை. இரண்டு பேரும் மேடையைப் பார்த்தபடியே இருந்தோம்.

திரும்பும் ட்ராமில் இடம் கிடைத்தது. கிட்டாரை முழங்காலுக்கிடையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். இரண்டு தரிப்பிடம் தாண்டியதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"பிள்ளை, எனக்கு அந்தப் பாட்டு விளங்கேல்லை."

திரும்பிப் பார்த்தாள். "ஒண்டுமே?"

"மழை விளங்கினது."

சிரிக்கத் தொடங்கியவள் அப்படியே அழுதாள். எதிரே இருந்த பொடியன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டான்.

"தமிழில சொல்லு. மெல்லச் சொல்லு."

"தமிழில எனக்கு வராது அப்பா."

"வந்த அளவுக்குச் சொல்லு."

அவள் தமிழ் ஏழு வயதில் நின்ற தமிழ். அந்தத் தமிழில் சொன்னதாலோ என்னவோ, ஏழு வயதுப் பிள்ளையே பக்கத்தில் இருந்து சொல்வதுபோல இருந்தது. "ஒரு சனிக்கிழமை நீங்கள் என்னை வேண்டாம் எண்டனீங்கள். இண்டைக்குக் கூட்டிக்கொண்டு போக ஏலாது எண்டு. நான் கத்தி அழுது லொறியில ஏறினனான். பிறகு மழை. நீங்கள் ரோட்டுக் கரையில நிப்பாட்டினீங்கள். நான் நித்திரை எண்டு நினைச்சு அழுதனீங்கள். கனநேரம். நான் நித்திரை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு இருந்தனான். நான் வந்ததாலதான் அப்பா அழுறார் எண்டு நினைச்சன். என்ர பிழை எண்டு. ஏன் எண்டு கேக்கேல்லை. அதுக்குப் பிறகு நான் லொறியில குழப்படி செய்யேல்லை. அதுதான் பாட்டு."

அந்தச் சனிக்கிழமை எனக்கு நல்ல நினைவு. அன்று விடியத்தான் யாழ்ப்பாணத்தில் என் அப்பா செத்துப்போன செய்தி வந்தது. சண்டை நடந்து பாதை பூட்டியிருந்த நேரம். போக வழியில்லை. வீட்டில் இருந்தால் விசர் பிடிக்கும் என்று வேலைக்குப் போனேன். கடைகளுக்குத் தக்காளி இறக்கினேன். பிள்ளை ஏழு வயது, அதற்கு என்ன தெரியும் என்று ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள், அப்பப்பா கடவுளிடம் போய்விட்டார் என்று தாய் சொன்னாள். அந்த இரண்டையும் பிள்ளை சேர்த்துப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவள் லொறியில் அமைதியாக வந்ததை, பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

இதையெல்லாம் ட்ராமிலேயே சொன்னேன். எந்த ஒழுங்கில் சொன்னேன் என்று தெரியாது. தக்காளியை முதலில் சொல்லி, அப்பாவைக் கடைசியில் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

விம்பிள்டன் வந்து, எல்லோரும் இறங்கிய பிறகுதான் எழும்பினோம்.

"அப்ப என்ர பாட்டுப் பிழை" என்றாள்.

"பிழை எண்டு இல்லை. நீ பாத்ததைத்தானே பாடினனீ."

"ஆனா நடந்தது அது இல்லையே. நான் இதை ரெண்டு வருசமா எழுதினனான் அப்பா. இப்ப என்ன செய்யிறது? மாத்துறதோ?"

மாற்று என்றால் அந்தப் பிள்ளை கண்ணை மூடி இருந்த நேரத்தை இல்லை என்பதாகிவிடும். மாற்றாதே என்றால் அந்தப் பிழை அவள் தலையிலேயே இருக்கும். "பசிக்குது" என்றேன். அதுவும் உண்மைதான். ஸ்ட்ரெதம் பஸ்ஸில் ஏறி, வழியில் டூட்டிங்கில் இறங்கிக் கொத்துரொட்டி சாப்பிட்டோம். உறைப்பு அதிகம். இருவருக்கும் மூக்கு ஓடியதற்கு அது வசதியாகப் போய்விட்டது.

அன்றிரவும் மறுநாளும் அவள் என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கோபமா, ஆறுதலா? முகத்தைப் பார்த்து ஒன்றும் பிடிபடவில்லை. அவள் வேலைக்குப் போன நேரம் ஸ்ட்ரெதமில் பெரிய ரோட்டை மேலும் கீழுமாக நடந்தேன். தமிழ்க் கடைக்காரர் ஒருவர், "அண்ணை, என்ன தேடுறியள்?" என்று கேட்டார். என்ன தேடுகிறேன் என்று தெரியாமல் ஒரு பைக்கற் பனங்கட்டி வாங்கினேன்.

லண்டனுக்குக் கன்ட்ரி மியூசிக் கேட்கப் போகிறவர்களுக்குச் சில விஷயம். பெரிய அரங்குகளுக்கு ஆயிரக்கணக்கில் சனம் போகிறது, நுழைவுச்சீட்டு விலை அதிகம். பப்புகளின் பின்னறையில் நடப்பவை பெரும்பாலும் இலவசம், ஆனால் குடிக்க ஏதாவது வாங்குவதுதான் மரியாதை. மது வேண்டாம் என்றால் ஒருவரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். அரை மணித்தியாலம் முந்திப் போனால் முன்னால் இடம் கிடைக்கும். ஸ்ட்ரெதமில் இருந்து மிச்சத்துக்கு 118ஆம் இலக்க பஸ் நேரே போகும். விம்பிள்டன் சுற்றத் தேவையே இல்லை. அபி அன்று பயத்தில் நேரத்தைக் கடத்தத்தான் கோயில், ட்ராம் என்று என்னைச் சுற்றிக் கொண்டுபோனாளாம். இதைப் பிறகுதான் சொன்னாள்.

பாட்டு விளங்காவிட்டாலும் போகலாமா என்றால், போகலாம். முப்பது வருடம் விளங்காமலே கேட்டவன் சொல்கிறேன். ஆனால் பாடுகிறவர் உங்கள் பிள்ளை என்றால், விளங்கவில்லை என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் என்னிடம் புத்திமதி இல்லை. அது சோகப் பாட்டா, சந்தோஷப் பாட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடைசி நாள் அபி வேலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஏர்ல்ஸ் கோர்ட் வரை வந்தாள். ஹீத்ரோ ரயில் வரும் மேடையில் நின்றோம். ரயில் வந்து கதவு திறந்தது. நான் பெட்டியைத் தூக்கினேன்.

"அப்பா, அப்பப்பா என்ன மாதிரி ஆள்?"

இதுவரை ஒருநாளும் கேட்டதில்லை. நான் பெட்டியை இறக்கினேன். கதவு மூடி ரயில் போய்விட்டது.

"அவரும் சாரதிதான். பருத்தித்துறை பஸ் ஓடினவர். விசில் அடிச்சுக்கொண்டுதான் ஓடுவார்."

"என்ன பாட்டு?"

யோசித்தேன். என் அப்பாவின் உதடு குவிந்திருந்தது தெரிகிறது. ஸ்டியரிங்கில் விரல் தாளம் போட்டது தெரிகிறது. பாட்டுத் தெரியவில்லை. "எனக்குத் தெரியாது பிள்ளை. நான் கேக்கேல்லை" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மெட்டு? மெட்டாவது ஞாபகம் இருக்கோ?"

அடுத்த ரயிலும் வந்தது, போனது. நான் சனத்துக்கு நடுவில் நின்று, உதட்டைக் குவித்து, வருமோ வராதோ என்று விசில் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிழையாக வந்தது. திரும்ப அடித்தேன். அபி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

விமானத்துக்கு மூன்று மணித்தியாலம் முந்திப் புறப்படுங்கள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பிள்ளை வழியனுப்ப வருகிறது என்றால் நாலு வைத்துக்கொள்ளுங்கள்.