பழனி நடைக்கு ஒரு ரஷ்யத் தொப்பி

அப்பாவின் இடது காதில் மதுரையில் ஆபரேஷன் நடந்த வருஷம் அது. குளிர்காற்று அந்தக் காதில் படவே கூடாது என்று டாக்டர் கண்டித்து அனுப்பியிருந்தார். தை மாதம் பழனிக்குக் காவடி எடுத்து நடக்கிற மனுஷரிடம் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்? குன்றக்குடியில் கூடி, விடியுமுன்னே பனியில் கிளம்பும் கூட்டம். வயல் வேலை கிடந்தாலும் கிடக்கட்டும் என்று அப்பா வருஷா வருஷம் அதில் போனவர்.

மப்ளர் கட்டிப் பார்த்தார். காவடித் தண்டு உரச உரச அது கழுத்துக்கு இறங்கிவிட்டது. ரெண்டு கையும் காவடியில் இருக்க, யார் ஏற்றிக் கட்டுவது? "காது ஆறட்டும். அடுத்த வருசம் போவீக" என்று அம்மா முடித்துவிட்டாள். அப்பா பாதிச் சோற்றில் எழுந்து போனார்.

நான் அப்போது காலேஜ் மாணவன். சும்மா இருக்க முடியுமா? சித்தப்பா வடக்கே ஓர் இரும்பாலையில் ரஷ்ய என்ஜினீயர்களோடு வேலை பார்த்தார். 'அவர்கள் ஊர்ப் பனிக்குக் காதை எப்படித்தான் மூடுகிறார்கள்?' என்று அவருக்கு எழுதிப் போட்டேன். பதிலுக்கு ஒரு பார்சல் வந்தது. ஊர் திரும்பிய ஒரு ரஷ்யர் சித்தப்பாவுக்குக் கொடுத்துப்போன தொப்பி! சாம்பல் நிறத்தில் புசுபுசுவென்று இருந்தது. காதை மூட ரெண்டு பக்கமும் மடல், மடல் நுனியில் நாடா. இறக்கித் தாடைக்குக் கீழே கட்டலாம். வேண்டாமென்றால் தூக்கி உச்சியில் முடியலாம்.

அப்பா போட்டுக்கொண்டு கூடத்தில் ரெண்டு சுற்று நடந்தார். நெற்றியில் வேர்வை ஓடியது, முகமெல்லாம் சிரிப்பு.

"நான் பேசுறது கேக்குதா?" என்று கத்தினார்.

"தெருவுக்கே கேக்குது. மெல்லப் பேசுங்க" என்றாள் அம்மா. தொப்பியை வாங்கி உட்புறத் தையலை விரலால் விலக்கிப் பார்த்தாள். "இது கம்பளி இல்லீங்க. மயிரோட உரிச்ச தோலு."

அவ்வளவுதான். மாலை போட்டு, கறியும் மீனும் விட்டு, செருப்பையும் கழற்றி வைத்திருந்தவர் தலையில் தோல்! அப்பா நேரே கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தார்.

நான் விடவில்லை. "சிவபெருமானே புலித்தோலைத்தானப்பா கட்டியிருக்காரு?"

"அவரு கட்டுவாருடா. அவருக்கு யாருகிட்ட வேண்டுதல்?"

அப்புறம்தான் உறைத்தது: ஆகாதது தோல்தானே, மடலும் நாடாவும் என்ன பாவம் செய்தன? தொப்பியைத் துணிப்பையில் போட்டுத் தையல் கடைக்குச் சைக்கிளை மிதித்தேன்.

டெய்லர் அண்ணன் பையைத் திறந்ததும் பின்வாங்கினார். "என்ன தம்பி, கரடிக்குட்டிய அமுக்கிக்கிட்டு வந்துருக்கீக!" கதையைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, கையிலிருந்த கல்யாண ரவிக்கையை ஓரமாக வைத்தார். தொப்பியைப் பழைய பேப்பரில் கவிழ்த்து, பக்கம் பக்கமாக வரைந்து பேப்பர் அச்சு வெட்டினார். பச்சை ஃபிளானல், நடுவே இலவம்பஞ்சு, உள்ளே மல்துணி. மறுநாளே தைத்துத் தந்தார். அந்த ரவிக்கைக்கார வீட்டில் என்ன வசவு வாங்கினாரோ, என்னிடம் சொல்லவில்லை.

குன்றக்குடியில் கூட்டம் அப்பாவைப் பார்த்ததும் ஆரவாரித்தது. "அண்ணே, எந்த நாட்டுப் பட்டாளத்துக்குக் கிளம்பிட்டீக?"

அப்பா காவடியைத் தூக்கினார். பாட்டு ஆரம்பித்தது. ரெண்டடி வைத்தவர் நின்றுவிட்டார். "ஒண்ணும் கேக்கலடா. பாட்டு இல்லாம எப்படி நடக்கிறது?"

நல்ல காதையும் சேர்த்து மூடிவிட்டோமே! வலது மடலைத் தூக்கிவிட்டால் இடதைக் கட்ட நாடா இல்லை. வழியனுப்ப வந்திருந்த அம்மா, நேற்றுவரை போகக்கூடாது என்றவள், தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கை உருவினாள். வலது மடலை மேலே மடித்தாள். இடது நாடாவைத் தாடைக்குக் கீழே இழுத்துக் கொண்டுபோய் வலது ஓரத் தையலில் சேர்த்துக் குத்தினாள்.

"இப்பக் கேக்குதா?"

"கேக்குது."

"அப்ப நடங்க."

அந்த ரஷ்யர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருக்கும், டெய்லர் அண்ணனுக்கும், சித்தப்பாவுக்கும் நன்றி சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத அம்மாவின் விரல்கள்தான் கண்ணில் நிற்கின்றன. அப்பா அந்த வருஷமும் பழனிக்கு நடந்தே போய்ச் சேர்ந்தார். காதுக்கும் ஒன்றும் ஆகவில்லை.