வண்டி எழுந்திருக்க மறுத்த விஜயதசமி

பிள்ளைகளே, வாசலில் நிற்கும் அந்தக் கறுப்பு வண்டியை ஏன் இன்னும் விற்கவில்லை என்று இருவரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். பள்ளிக்கூடத்தில் கூட்டுக்காரர்கள் கேலி செய்கிறார்களாம்: "உங்க அப்பன் ஓட்டுறது மந்திரி வண்டி, நீங்க தின்னுறது ரேஷன் அரிசி." உண்மைதான், மறுக்கவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். வாயால் சொன்னால் நடுவில் உங்கள் அம்மா புகுந்து கதையை வேறு பக்கம் கொண்டு போய்விடுவாள். அதனால்தான் எழுதுகிறேன்.

பதினொரு வருடம் நான் ஒரு டாக்டருக்கு இந்த வண்டியை ஓட்டினேன். அவர் மகளோடு வெளிநாட்டில் தங்கப் போனபோது, வேறு கையில் கொடுக்க மனசு வரவில்லை என்று ஒரு பழைய சின்னக் காரின் விலைக்கு எனக்கே தந்துவிட்டார். அதன் பிறகு நான் இங்கே கழக்கூட்டம் பக்கத்தில் கம்பெனி வேன் ஓட்டி வாங்கும் சம்பளத்தில் பாதியை இது தின்றிருக்கிறது. ஜூன் மாத இடவப்பாதி மழையில் ஒருநாள் கூரைக் கண்ணாடியின் வடிகுழாயில் புளிய இலை அடைத்து, உள்ளே உட்கார்ந்திருந்த அம்மாவின் தலையில் ஒரு குடம் தண்ணீர் கொட்டியது. எஞ்சின் பக்கத்துப் பிளாஸ்டிக் குழாய்கள் சூடு பட்டுப் பட்டு அப்பளம்போல நொறுங்கும். சாமான் வேண்டுமென்றால் கொச்சிக்குச் சொல்லிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய தொல்லை காற்றுப் பை. மற்ற வண்டிகளில் சக்கரத்தின் மேல் இரும்பு ஸ்பிரிங் இருக்கும் இடத்தில் இதற்கு நாலு பைகள். சின்னக் கம்ப்ரஸர் ஒன்று அவற்றில் காற்று ஏற்றி வண்டியைத் தாங்கும். பை நைந்தால் காற்று கசிந்து, நின்ற இடத்திலேயே வண்டி கொஞ்சம் கொஞ்சமாக உட்காரும். ஒரு பையின் விலை என் ஒரு மாதச் சம்பளம். அதனால் மாற்றாமல் தள்ளிப்போட்டு வந்தேன். "தினமும் ஒரு வாட்டி ஸ்டார்ட் பண்ணிப் போடணும் அண்ணாச்சி, மறக்கண்டா, மறந்தா உக்காந்துரும்" என்று மெக்கானிக் சொல்லியிருந்தான்.

ஒரு வருடம் பூஜை லீவுக்கு நீங்கள் நாகர்கோவிலில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தீர்கள். போகும் முன் கணக்குப் புத்தகங்களைத்தான் முதலில் பூஜைக்கு வைத்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? அஷ்டமி சாயங்காலம் அவற்றின் மேலே வண்டிச் சாவியையும் நான் வைத்தேன். பூஜைக்கு வைத்ததை விஜயதசமி காலையில் எடுக்கும்வரை தொடுவதில்லை. அந்தத் தடவை திதி நீண்டு, இடையில் மூன்று ராத்திரி வந்துவிட்டது.

நவமியன்று மலைமேல் போனக்காட்டிலிருந்து போன் வந்தது. அங்கே எஸ்டேட் லைன் வீட்டில் இருந்த உங்கள் பெரியம்மாவுக்கு இடுப்பெலும்பு தேய்ந்து, ஆபரேஷனுக்கு மெடிக்கல் காலேஜில் நாள் கொடுத்திருந்தார்கள். விஜயதசமிக்கு மறுநாள் காலை எட்டு மணிக்குள் சேர்க்க வேண்டும். இப்போது மாடிப்படியை உங்களுக்கு முன்னால் ஏறுகிறாளே, அந்தப் பெரியம்மாவை அன்று நீங்கள் பார்க்கவில்லை. டெஸ்டுக்காக முன்பு ஒருமுறை ஜீப்பில் கூட்டி வந்தபோது, போனக்காட்டுப் பாதையின் குழிகளில் விழுந்து எழுந்து, பாதி வழியில் வாய்விட்டு அழுதுவிட்டாள். இனி ஜீப்பில் ஏறச் சொன்னால் லைனிலேயே கிடந்து சாகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

"நம்ம வண்டியில கூட்டிட்டு வாறேன்னு சொல்லு" என்றேன் அம்மாவிடம்.

அவள் ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தாள். "மொதல்ல அது எந்திரிக்குமான்னு பாருங்க."

வண்டியின் முன்பக்கம் அதற்குள் தாழ்ந்திருந்தது. அப்போதே சாவியை எடுத்து ஸ்டார்ட் செய்திருக்க வேண்டும். எனக்குக் கை போகவில்லை. பிழைப்புக்கு வழி காட்டிய சாமானைச் சாமி முன்னால் வைத்துவிட்டு நடுவில் பிடுங்குவதா என்று இருந்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான்.

விஜயதசமி காலையில் தட்டில் பரப்பிய அரிசியில் விரலால் எழுதிக் கும்பிட்டு, சாவியோடு வெளியே வந்தால் வண்டி தரையோடு தரையாகக் கிடக்கிறது. டயரின் மேல்பாதியே தெரியவில்லை. பேட்டரியும் செத்துப்போயிருந்தது.

"மூணு நாளு நல்லாத் தியானம் பண்ணியிருக்கு" என்றாள் அம்மா. பெரியம்மாவுக்கான தலையணையை இடுக்கிக்கொண்டு, முன் சீட்டில் ஏறி, கதவைத் திறந்து வைத்து ஒரு காலை வெளியே போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்து வீட்டுக் காரிலிருந்து வயர் கொடுத்து எஞ்சினைக் கிளப்பினேன். சத்தம் வந்தது, வண்டி மட்டும் எழவில்லை. பத்து நிமிடம் ஆயிற்று. தெருவே கூடி யோசனை சொன்னது. ஒருவர் தள்ளிப் பார்க்கலாம் என்றார். இன்னொருவர் ஆக்ரிக்காரனைக் கூப்பிடலாம் என்றார். பழைய இரும்புக்குப் போடச் சொல்கிறார்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. மலைமேலே ஒருத்தி சேலை மாற்றிக்கொண்டு காத்திருக்கிறாள் என்ற நினைப்பு வேறு.

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

"நான் அப்பவே பறஞ்சதல்லே அண்ணாச்சி, தினமும் ஸ்டார்ட் பண்ணணும்னு?"

"பூஜை வச்சிருந்தேன்டே."

"இந்த வண்டியப் பூஜிக்கணும்னா ஓட்டிக்கிட்டேதான் பூஜிக்கணும். அது போட்டும், ஏதாச்சும் கதவு தொறந்து கெடக்கா?"

நான் அம்மாவின் காலைப் பார்த்தேன்.

"கதவு தொறந்திருந்தா, ஆளு எறங்குதுன்னு நெனச்சு அது அனங்காது, எந்திரிக்காது. சாத்துங்க. அப்புறம், வழியில எங்கயும் எஞ்சின ஆஃப் பண்ணிப் போட்றாதீங்க. மறுபடி எந்திரிக்கும்னு எனக்கு உறப்பில்ல."

அம்மா காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். உள்ளே எங்கோ கம்ப்ரஸர் முனகியது. பசு எழுவதுபோல முதலில் பின்பக்கம் எழுந்தது, கொஞ்சம் யோசித்தது, பிறகு முன்பக்கமும் எழுந்து நேராக நின்றது. ஆக்ரிக்காரனைக் கூப்பிடச் சொன்னவர்தான் முதலில் கைதட்டினார்.

நெடுமங்காடு, விதுரை தாண்டி மலையேறினோம். போனக்காட்டில் இரண்டு பேர் பெரியம்மாவை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். நான் பைகளில் காற்றைக் குறைக்கும் பட்டனை அழுத்தினேன். வண்டி மெல்லத் தாழ்ந்தது.

"இது எனக்குக் குனிஞ்சு குடுக்குதா தம்பி?" என்றாள் பெரியம்மா.

"ஆமா மதினி. உங்களுக்குத்தான்."

இறக்கம் முழுக்க நான் பாதையைப் பார்த்ததைவிடக் கண்ணாடியில் மதினியின் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம். ஜீப் துள்ளிய அதே குழிகள். இது ஒவ்வொன்றிலும் காலை வைத்து ஆழம் பார்த்து இறங்குவதுபோல இறங்கியது. சக்கரம் மேலும் கீழும் போகிறது, உள்ளே தலையணை நகரவில்லை. இத்தனை வருடம் ஓட்டியும் இதை இப்படிச் செய்தவர்களின் அறிவை அன்றுதான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். ஆனால் கடைசி வளைவுகளில் மதினியின் தலை சரிந்து கண்ணாடியை விட்டு மறைந்தது. வலியை விழுங்குகிறாளோ என்று வேகத்தை இன்னும் குறைத்தேன்.

விதுரையில் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

அம்மா என் தோளைத் தொட்டாள். "படுக்க முடியாம பத்து நாளா ஒக்காந்தே இருந்திருக்கா" என்றாள். "எழுப்பாதீங்க."

சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு டீ குடித்தோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "சேட்டா, அதொன்னு ஆஃப் ஆக்கிக்கூடே? டீசல் வெறுதே தீருமே."

நான் வாயைத் திறக்கும் முன் அம்மா சொன்னாள்: "தீரட்டும். எங்கக்கா ஒறங்குதா."

இரண்டாவது டீயும் குடித்தோம். நான் அடிக்கடி போய் எஞ்சின் சூடு காட்டும் முள்ளைப் பார்த்துவிட்டு வந்தேன். அது நடுவிலேயே நின்றது. ஒரு மணி நேரம் போயிருக்கும். பெரியம்மா கண் விழித்து, "வந்துட்டமா?" என்றாள்.

"இல்லக்கா, விதுரதான். இன்னும் பாதி தூரம் கெடக்கு."

"அப்ப நல்லது" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள்.