குழாயின் வாய்

தூண்டில் முள்ளில் இறகை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது சுற்றிலேயே நூல் அறுந்தது. நூல்கண்டைப் பிடித்துக்கொள்ளும் பாபின் வேறு புதுசு. "சே, மட்டமான நூல்!" என்று கத்திவிட்டேன்.

அப்பாவும் இப்படித்தான் கத்துவார். சனத்நகர் பட்டறையில் லேத் ஓட்டியவர், ஞாயிற்றுக்கிழமைகளில் மீனை ஏமாற்ற இறகுப் பூச்சிகள் கட்டுவார். தன் பாபினையும் அவரே செய்திருந்தார். அதன் பித்தளைக் குழாய் வழியாக வரும் நூல் அறுந்துகொண்டே இருக்கும். "இதுவும் நக்கோ, வேற கொடு" என்று அம்மாவின் தையல் டப்பாவில் பாதியைக் காலி செய்துவிட்டார்.

ஒருநாள் அம்மா பாபினைப் பிடுங்கி, தன் நைலான் புடவை முந்தானையில் குழாயின் வாயைத் தேய்த்தாள். இழை மாட்டிக்கொண்டு சுருக்கென்று இழுத்தது.

"என் நூல் நல்லாத்தான் இருக்கு. உங்க குழாய்தான் கடிக்குது. இப்ப புடவையும் போச்சு."

அப்பா மறுநாள் பட்டறையில் குழாயின் வாயை வழவழவென்று தேய்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் நூல் அறுந்ததே இல்லை. ஆனால் நூலைத் திட்டியது தப்பு என்று கடைசிவரை அவர் சொல்லவில்லை.

ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்த அம்மா, என் கத்தலுக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உன் துப்பட்டால தேச்சுப் பாரு. என் புடவையைத் தொடாதே."