நெற்றியில் வைத்த வெள்ளி ரூபாய்

இதை நீங்கள் நம்பாமல் போனால் எனக்கு நிம்மதிதான். ஆனால் இது நடந்தது. போன மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

நாங்கள் இருப்பது சென்னை எம்.கே.பி. நகரில். என் கணவர் பீம்ராவ் பழைய காசு சேர்ப்பவர். எண்ணூர்ப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில், ராமதாஸ் என்ற பெரியவரிடம் 1939-ஆம் வருட வெள்ளி ரூபாய் ஒன்றை வாங்கி வந்தார். லேசில் கிடைக்காத காசு. யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற விவரம் இருந்தால்தான் சேகரிப்பவர்களிடம் அதற்கு மரியாதை. ராமதாஸ் நான்கு பெயர்களைச் சொல்லியிருந்தார். தாத்தா, அப்பா, அம்மா, அண்ணன். காசு போட்ட காகித உறையில் அவற்றை வரிசையாக எழுதிய என் கணவர், கடைசியில் ஆசையாக எங்கள் ஆறு வயது மகளின் பெயரையும் எழுதினார். யசோதரா.

அன்று இரவே அவளுக்குக் காய்ச்சல். ஐந்து நாளாக ஆஸ்பத்திரி. எந்தப் பரிசோதனையிலும் ஒன்றும் தெரியவில்லை. உடம்பு கொதித்தது. நெற்றி நடுவில் மட்டும், ரூபாய் அகலத்துக்கு... ஐஸ் மாதிரிக் குளிர்.

"அம்மா, நெத்தில யாரோ அழுத்துறாங்க."

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் அவள் அதைக்கூடச் சொல்லவில்லை. டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

கணவரை அவளிடம் விட்டுவிட்டு, காசோடு ஆட்டோ பிடித்தேன். 5.35-க்கு ராமதாஸ் வீடு. அவர் மனைவி குணசுந்தரி வாசலை மறித்து நின்றார்.

"வித்தது வித்ததுதாம்மா. எடுத்துகினு போ."

"என் பொண்ணு சாகக் கெடக்குறாம்மா. இது யாரோட காசு?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"பொணத்து நெத்தில வைக்கிற காசு. சுடுகாட்டோட போயிடணும். நல்ல வெள்ளியாச்சேன்னு ஒவ்வொரு தபாவும் எடுத்துகினு, வேற காசு வச்சி அனுப்பிட்டோம்."

"அப்போ அந்த நாலு பேரு..."

"அதை நெத்தில வாங்குனவங்க."

உள்ளே போன் அடித்தது. எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்.

5.49.

நான் உள்ளே நுழைந்தேன். கட்டிலில் ராமதாஸ் படுத்திருந்தார். அந்தப் புழுக்கத்திலும் கழுத்துவரை போர்வை. மின்விசிறி ஓடவில்லை. உதட்டில் ஒரு ஈ. அவர் விரட்டவில்லை.

தூங்குகிறார் என்று நினைத்தேன்.

என் மகளுக்குப் பதில் இவர் போகட்டும்...

காசை அவர் நெற்றியில் வைத்து அழுத்தினேன்.

5.52.

கண் திறந்தது.

"பாப்பாவுக்கு வேர்த்துடுச்சி," என்றார். "போ."

ஓடினேன்.

தெருமுனையில் என் போன் அடித்தது. கணவர். "இப்பத்தான்... திடீர்னு வேர்த்துக் கொட்டுச்சு. எழுந்து தண்ணி கேக்குறா."

ஞாயிற்றுக்கிழமை என் கணவர் துக்கம் விசாரிக்கப் போய்வந்தார். ராமதாஸின் மகன் நிதிஷ் வெள்ளிக்கிழமை கடலில் இருந்தானாம். அவன் கரையேறும்வரை வாய்விட்டு அழாமல், யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தார்களாம். எப்படி வந்ததென்றே தெரியாமல் நெற்றியில் இருந்த காசை இந்தத் தடவை யாரும் தொடவில்லையாம்.

ராமதாஸின் உயிர் பிரிந்தது வெள்ளிக்கிழமை மதியம் 2.10-க்கு.

காசை அழுத்தியது நான்தான் என்று என் கணவருக்குத் தெரியும். அழுத்தும்போது ராமதாஸ் உயிரோடு இருப்பதாகத்தான் நான் நினைத்தேன் என்பதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.